குதிரையில் போய் மாட்டு மந்தையை மேய்ச்சல் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதைப் பற்றிக் கேட்பவர்களில் பலர் படங்களில் பார்த்ததை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். தூசி, கூச்சல், தலைக்கு மேலே சுழலும் கயிறு, நாலுகால் பாய்ச்சல். நிஜத்தில் நன்றாக நடக்கும் வேலை வேடிக்கை பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டும். மாடுகள் நடக்கும், குதிரைகள் நடக்கும், யாரும் கத்தமாட்டார்கள். அந்த மெதுவான வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பைக், நாலு சக்கர வண்டி, ட்ரோன் எல்லாம் வந்த பிறகும் குதிரை எதற்கு?

சமதளம், திறந்தவெளி, வண்டிச் சத்தத்துக்குப் பழகிய மாடுகள் என்றால் வண்டியே போதும், அதில் தப்பேதும் இல்லை. வட ஆஸ்திரேலியாவின் பெரிய பண்ணைகளில் ஹெலிகாப்டரை வைத்தே மாடுகளைத் திரட்டுகிறார்கள். ஆனால் பாறை, சேறு, புதர், செங்குத்துச் சரிவு என்று வந்துவிட்டால் வண்டி நின்றுவிடும், குதிரை போகும். உயரமும் ஒரு காரணம். சேணத்தில் உட்கார்ந்தால் முழு மந்தையின் முதுகுகளுக்கு மேலே பார்வை போகும், நொண்டுகிற மாடு எது, பின்தங்குகிற கன்று எது என்று அங்கிருந்தே தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் மூன்றாவது காரணம்தான் பெரியது. குதிரைக்கு மாட்டைப் படிக்கத் தெரியும். ஒரு மாடு திரும்பி ஓட நினைக்கிறது என்பதை அதன் காதும் தோளும் அசைவதிலிருந்தே பழகிய குதிரை பிடித்துவிடும், நீங்கள் கடிவாளத்தை இழுப்பதற்குள் அது அரை அடி நகர்ந்து வழியை மறித்திருக்கும். எந்த எஞ்சினும் இதைச் செய்யாது.

மாட்டை நகர்த்துவதில் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

அதன் கண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம். மாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 330 டிகிரி சுற்றளவு தெரியும். நேர் பின்னால் மட்டும் ஒரு சின்ன இடம் தெரியாது. அந்தக் குருட்டு இடத்தில் நீங்கள் வந்தால், ஒன்று அது திரும்பி நின்று உங்களைப் பார்க்கும், இல்லையென்றால் பயந்து உதைக்கும். இத்தனை அகலமாகப் பார்த்தாலும் ஆழம் கணிப்பதில் மாடு அவ்வளவு கெட்டி இல்லை. தரையில் விழுந்த நிழலோ சின்னக் குழியோ அதற்குப் பள்ளத்தாக்காகக்கூடத் தோன்றலாம். தலையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டுத்தான் தாண்டும், அந்த நேரத்தை அதற்குக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது விலகு தூரம். எந்த மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எல்லை இருக்கிறது. அதற்கு வெளியே நீங்கள் இருக்கும்வரை அது உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும், எல்லையைத் தொட்டதும் விலகும். தினமும் மனிதரைப் பார்க்கும் மாட்டுக்கு இது சில அடிகள்தான், மலையில் மாதக்கணக்கில் தனியாக மேய்ந்த மாட்டுக்கு நூறு அடிக்கு மேலும் போகும். எல்லையின் ஓரத்தில் வேலை செய்தால் மாடு நடக்கும். சட்டென்று உள்ளே புகுந்தால் ஓடும், அல்லது உங்களை மீறித் திரும்பிப் பாயும்.

மூன்றாவது தோள்பட்டை. தோளுக்குப் பின்னாலிருந்து எல்லையைத் தொட்டால் மாடு முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்துவிட்டால் நிற்கும் அல்லது திரும்பும். இதிலிருந்து புதியவர்களை வியக்கவைக்கும் ஒரு விஷயம் வருகிறது: நீளமாகப் போகும் மந்தையின் பக்கவாட்டில், அது போகும் திசையிலேயே நீங்களும் முந்திக்கொண்டு போனால் வேகம் குறைகிறது, எதிர்த்திசையில் தலைமாட்டிலிருந்து வால்பக்கமாகக் கடந்து வந்தால் ஒவ்வொரு மாடாக வேகம் கூடுகிறது. காரணம் அதே தோள்தான், நீங்கள் அதைக் கடக்கிற திசை மாடு போகும் திசையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்க விலங்கியலாளர் டெம்பிள் கிராண்டின் இதையெல்லாம் படம் போட்டு விளக்கி உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தார். பட் வில்லியம்ஸ் என்ற மாடோட்டி வட அமெரிக்காவெங்கும் பண்ணை பண்ணையாகப் போய் இதைக் கற்றுக்கொடுத்தார்.

இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு ஒன்றை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. மாடு நீங்கள் விரும்பிய பக்கம் ஓரடி வைத்ததும் நீங்கள் பின்வாங்க வேண்டும். நகர்ந்த பிறகும் நெருக்கிக்கொண்டே இருந்தால், சொன்ன பேச்சைக் கேட்டும் நிம்மதி இல்லை என்று மாடு கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அது உங்களைக் கண்டதும் கேட்காமலே ஓட ஆரம்பிக்கும்.

எத்தனை பேர் வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும்?

19-ஆம் நூற்றாண்டில் டெக்சாஸிலிருந்து வடக்கே போன மந்தைகளில் 2,500 மாடுகள்வரை இருக்கும், கூடப் போன ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். முன்னால் இரு ஓரமும் வழிகாட்டிகள், பக்கவாட்டில் சிலர், கடைசியில் தூசியைத் தின்றுகொண்டு புதிய ஆட்கள். இன்றைக்கும் அடுக்கு இதேதான், அளவுதான் சின்னது. கன்றுகள் இல்லாத, பழகிய 150 மாடுகளை விவரமான இரண்டு பேர் கொண்டுபோய்விடலாம். கன்றுகளோடு என்றால் கூட ஆள் வேண்டும்.

ஆனால் கடைசியில் புதியவரை விடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. மந்தையின் வேகம் தீர்மானமாவது அங்கேதான், கன்றுகளும் நொண்டிகளும் கிழங்களும் சேர்வதும் அங்கேதான், அதனால் பொறுமைசாலி ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அவர் ஒரே இடத்தில் பின்தொடராமல் இடமும் வலமுமாகக் குறுக்கே நடந்துகொண்டே வர வேண்டும், அப்போதுதான் எந்த மாட்டின் குருட்டு இடத்திலும் நீண்ட நேரம் நிற்கமாட்டார்.

முதலில் போகும் மாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்கத் தேவையில்லை, அதுவே முன்னால் வரும். மிரட்டிப் பின்னால் தள்ளிவிடாமல் இருந்தால் போதும். டெக்சாஸ் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட்டிடம் 'ஓல்ட் ப்ளூ' என்ற பெயரில் காயடித்த மாடு ஒன்று இருந்தது, கழுத்தில் மணியோடு வருடக்கணக்கில் மந்தைகளுக்கு முன்னால் நடந்தது. மணிச்சத்தம் கேட்டதும் மற்றவை பின்னால் சேர்ந்துவிடும். அப்படி ஒன்று உங்கள் மந்தையில் இருந்தால் விற்காதீர்கள்.

பாதி வழியில் கன்றுகள் ஏன் திரும்பி ஓடுகின்றன?

ஒரு மேய்ச்சல் மாற்றம் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கன்றுக்கு ஒரே ஒரு விதி தெரியும்: தாயைக் காணோம் என்றால் கடைசியாகப் பால் குடித்த இடத்துக்குப் போ. தாய்க்கும் அதே விதிதான், கன்றைக் கடைசியாகப் பாலூட்டிய இடத்தில் போய்த் தேடும். பின்னாலிருந்து நெருக்கும்போது தாய்கள் முன்னே நடந்துவிடுகின்றன, கன்றுகள் கடைசிக்கு ஒதுங்கிவிடுகின்றன. அரை மணி நேரத்தில் பின்வரிசை முழுக்கக் கன்றுகள். எந்தக் கன்றுக்கும் தாய் தெரியவில்லை, குதிரையைக் கண்டு விலகவும் இன்னும் பழகவில்லை. ஒன்று திரும்பும், அதைப் பார்த்துப் பத்து திரும்பும். துரத்தினால் குதிரையின் காலுக்கிடையில் புகுந்துகூட ஓடும். கன்றைப் பாய்ச்சலில் ஜெயித்துத் திருப்ப முடியும் என்று நினைக்காதீர்கள். அகலமாகச் சுற்றிப் போய், அது நின்று மூச்சு வாங்கும்போது முன்னால் இருந்தால்தான் உண்டு.

தவிர்க்கும் வழி புறப்படுவதற்கு முன்னாலேயே இருக்கிறது. விடியற்காலையில் கன்றுகள் பால் குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் போய்ச் சேர்க்க வேண்டும், அப்போது ஜோடிகள் ஜோடிகளாகவே இருக்கும். பத்து மணிக்குப் போனால் தாய்கள் மேயப் போயிருக்கும், கன்றுகள் புல்லுக்குள் படுத்திருக்கும், பிறந்து சில நாளே ஆன கன்றுகள் நீங்கள் பக்கத்தில் போனாலும் எழாது. ஒவ்வொரு புதரையும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அப்புறம், ஒரு பசு பின்னால் திரும்பித் திரும்பிக் கத்தினால் அதோடு சண்டை போடாதீர்கள். பெரும்பாலும் அதன் பேச்சு சரியாகத்தான் இருக்கும், கன்று எங்கேயோ விடுபட்டிருக்கும்.

சேர்ந்த இடத்தில்தான் இன்னும் பெரிய பிழை நடக்கிறது. கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ராத்திரி பசுக்கள் வேலியை உடைத்துக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. அப்படிப் போகக்கூடாது. மந்தையை ஒரு தளர்வான வட்டமாக நிறுத்தி, ஒவ்வொரு பசுவும் தன் கன்றைக் குரலால் கூப்பிட்டு, முகர்ந்து உறுதிசெய்து, கன்று பால் குடிக்கும்வரை இருக்க வேண்டும். மடியைப் பாருங்கள். கன்று குடிக்காத மடி இறுகிப் பளபளவென்று இருக்கும். குடித்த மடி தளர்ந்து, காம்புகள் ஈரமாக, ஓரத்தில் கொஞ்சம் நுரையோடு இருக்கும். எல்லா மடியும் இரண்டாவது மாதிரி ஆகும்வரை சேணத்தை விட்டு இறங்காதீர்கள். ஒரு முறை பால் குடித்துவிட்டால் புதிய இடமே அந்த ஜோடிக்குக் 'கடைசியாகப் பால் குடித்த இடம்' ஆகிவிடும், வேலி தேவையே படாது.

ஒரு நாளில் எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

பழைய நெடும்பயணங்களில் நாளொன்றுக்கு 16 முதல் 24 கிலோமீட்டர், அதுவும் நடுவே மேயவிட்டுக்கொண்டு. இளங்கன்றுகள் இருந்தால் அதில் பாதிகூட அதிகம். மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான் மாட்டின் இயல்பான நடை. அதற்கு மேல் போனால் உடம்பு இளைக்கும், வெயிலில் வாய் திறந்து நாக்கை நீட்டி மூச்சுவாங்க ஆரம்பிக்கும், அப்படி ஒன்றைப் பார்த்தாலும் முழு மந்தையையும் நிறுத்திவிட வேண்டும். மாட்டுக்கு அசைபோடவே ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் வேண்டும், நடந்துகொண்டே இருக்கும் மாடு அதை ஒழுங்காகச் செய்யாது.

தண்ணீர்தான் பாதையைத் தீர்மானிக்கும். வளர்ந்த மாடு நாளொன்றுக்கு 30 முதல் 70 லிட்டர் குடிக்கும், பால் கொடுக்கும் பசு வெயிலில் அதற்கு மேலும் கேட்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் விலுனாவுக்கும் ஹால்ஸ் கிரீக்குக்கும் நடுவே ஏறக்குறைய 1,850 கிலோமீட்டர் நீளும் கேனிங் மாட்டுப் பாதையில் கிணறுகளை ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒன்றாகத் தோண்டினார்கள், 1910-இல் வேலை முடிந்தது. அந்த நீர்நிலைகளைக் கண்டுபிடிக்கப் பூர்வகுடி மக்களைச் சங்கிலியில் கட்டி இழுத்துப்போனார்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது, அந்தப் பாதையின் கதையில் அதுவும் உண்டு.

எப்போது மேய்ச்சலை மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரியும்?

மாட்டைப் பார்க்காதீர்கள், புல்லைப் பாருங்கள். மாடு இளைத்துத் தெரியும்போது நிலம் ஏற்கெனவே கெட்டிருக்கும். புல்லின் பாதியை விட்டுவைப்பது நல்ல கணக்கு. 1955-இல் வெளியான ஃபிராங்க்ளின் கிரைடரின் அமெரிக்க ஆய்வு இதற்கு வலுவான சான்று: இலையில் பாதிவரை எடுத்தால் வேர் வளர்ச்சி அநேகமாகத் தடைபடுவதில்லை, 80 சதவீதம் எடுத்தால் முழுதாக நின்றுவிடுகிறது. வேர் நின்ற புல் அடுத்த வறட்சியில் காய்ந்துபோகும்.

இன்னொரு அடையாளம்: மேய்ந்த இடத்தில் புதுத் துளிர் வந்து, மாடு அதையே தேடிப் போய்க் கடிக்க ஆரம்பித்தால் நீங்கள் ஏற்கெனவே தாமதம். துளிர் இனிப்பாக இருக்கும், பக்கத்தில் முழங்கால் உயரப் புல் இருந்தாலும் மாடு அதைத்தான் கேட்கும்.

புதிய மேய்ச்சலில் விட்டதும் மாடு நோயுறுகிறதே?

பசியோடு விட்டதுதான் காரணமாக இருக்கும். குதிரைமசால், குளோவர் போன்ற பயறுவகைத் தீவனம் செழித்த நிலத்தில் வெறும் வயிற்றோடு மாடு நுழைந்தால் வயிற்றில் நுரை கட்டி இடப்பக்க விலா உப்பும். ஏப்பம் வராமல் சில மணி நேரத்திலேயே மாடு இறந்துவிடலாம். முதலில் காய்ந்த புல் போட்டு வயிற்றை நிரப்பிவிட்டு, பனி காய்ந்த பிறகு விடுங்கள். இடப்பக்கம் மேளம்போல் இறுகினால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வழியில் பசித்த மாடு வழக்கமாகத் தொடாத நச்சுச் செடிகளையும் கடிக்கும். வசந்தத்துப் புதுப்புல்லில் மெக்னீசியம் குறைந்து, பால் கொடுக்கும் பசுக்கள் வலிப்பு வந்து விழுவதும் உண்டு. தாது உப்பில் மெக்னீசியம் சேர்த்து முன்கூட்டியே கொடுப்பது அதற்குத் தற்காப்பு.

குதிரைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். வேகம், திரும்பும் லாவகம் எல்லாம் பிறகு. கதவைத் திறந்து மூடும்போது, மந்தையை வட்டத்தில் பிடித்திருக்கும்போது, ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிற குதிரை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் அதை மாட்டுக்குப் பின்னால் நடக்கவிடுங்கள், விலகி நடக்கும் மாட்டைப் பார்த்து அதற்குத் தைரியம் வரும். முதல் நாளே மாட்டை எதிர்கொள்ள வைத்தால் குதிரைதான் பயப்படும்.

சவாரிக்காரரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பரவலான கணக்கு. சேணவாரை இறுக்கிவிட்டுச் சிறிது தூரம் நடந்ததும் மறுபடி பாருங்கள், வயிற்றை உப்பிக்கொண்டு நின்ற குதிரை இப்போது மூச்சை விட்டிருக்கும், வார் தளர்ந்திருக்கும். மாலையில் சேணத்தை இறக்கியதும் முதுகைக் கவனியுங்கள். முழுதும் ஈரமாக இருக்க, நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு காய்ந்த திட்டு தெரிந்தால் அந்த இடத்தில் சேணம் அழுத்துகிறது. மறுநாள் அதே சேணத்தைப் போட்டால் புண்ணாகும்.

கயிறு வீசத் தெரியாமல் இந்த வேலைக்கு வரலாமா?

தாராளமாக. கயிறு தேவைப்படுவது மாட்டுக்கு மருத்துவம் பார்க்க, தனியாக மாட்டிக்கொண்ட கன்றைப் பிடிக்க. மந்தையை ஓட்ட அது தேவையில்லை. பிடித்த கயிற்றைச் சேணத்தின் முன்கொம்பில் சுற்றும்போது கட்டைவிரல் நடுவில் சிக்கினால் விரலே போய்விடும், இதில் விரல் இழந்தவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். கட்டைவிரல் எப்போதும் மேல்நோக்கி இருக்க வேண்டும் என்று பழக்கப்படும்வரை அசையாத மரக்கட்டையில் பயிற்சி செய்யுங்கள்.

ஆற்றைக் கடப்பது எப்படி?

அவசரப்படாமல், தாகத்தோடு, சூரியன் கண்ணில் அடிக்காத நேரத்தில். தண்ணீரில் மின்னும் வெயில் மாட்டை நிறுத்திவிடும். முன்னால் போகும் நாலைந்து மாடுகள் தாமாக இறங்கிக் குடிக்கட்டும், அவை கரையேறுவதைப் பார்த்ததும் மற்றவை வரும். நடு ஆற்றில் மாடுகள் வட்டமடிக்க ஆரம்பித்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூழ்கும், அதனால் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் ஒருவர் இருந்து அவை ஒதுங்காமல் எதிர்க்கரையைப் பார்க்க வைக்க வேண்டும். வெள்ளம் என்றால் காத்திருங்கள், அவ்வளவுதான்.

மந்தை மிரண்டு ஓடினால்?

பின்னாலிருந்து துரத்தக்கூடாது, இன்னும் ஓடும். வழியில் பள்ளமோ வேலியோ இல்லையென்றால் சில சமயம் விட்டுவிடுவதே நல்லது, மூச்சு வாங்கியதும் தாமே நின்றுவிடும். பழைய வழி, தலைமாடுகளுக்குப் பக்கத்தில் போய் மெல்ல ஒரு பக்கமாக வளைத்து, மந்தையை வட்டமாகச் சுற்றவிட்டு வேகத்தைக் குறைப்பது. கரடுமுரடான தரையில் இருட்டில் அதைச் செய்யப் போய் உயிரிழந்தவர்கள் உண்டு. இரவுக் காவலில் பாடிக்கொண்டே சுற்றும் வழக்கம் வந்ததும் மிரளாமல் தடுக்கத்தான், ஆள் எங்கே இருக்கிறார் என்று மாட்டுக்குத் தெரிந்துகொண்டே இருந்தால் அது திடுக்கிடாது.

பொலிகாளையையும் கூட ஓட்டலாமா? நாய்?

காளையைத் தனியாகப் பிரித்து ஓட்டாதீர்கள், நாலு பசுக்களோடு சேர்த்து நடத்தினால் பேசாமல் வரும். தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் உடம்பைக் காட்டி நின்றால் அது எச்சரிக்கை, குதிரையைப் பின்னுக்கு எடுங்கள். நாய் நல்ல துணைதான், ஆனால் இளங்கன்று உள்ள பசு நாயை ஓநாயாகத்தான் பார்க்கும். கூப்பிட்டதும் நிற்காத நாயைக் கொண்டுவரவே வேண்டாம்.

நெடும்பயணங்கள் ஏன் நின்றன? இன்று எங்காவது நடக்கிறதா?

அமெரிக்காவில் அது இருபது ஆண்டுக் கதைதான். 1867-இல் ஜோசப் மெக்காய் கன்சாஸின் அபிலீனில் ரயிலடியில் பட்டிகள் கட்டினார், டெக்சாஸ் மாடுகள் சிஷோல்ம் பாதையில் அங்கே வந்தன. 1874-இல் ஜோசப் கிளிடன் முள்வேலிக்குக் காப்புரிமை வாங்கினார், திறந்தவெளி துண்டு துண்டானது. டெக்சாஸ் மாடுகள் தாம் நோயுறாமலே வழியிலிருந்த மாடுகளுக்குக் காய்ச்சல் கொடுத்தன, கன்சாஸ் 1885-இல் தடை போட்டது. காய்ச்சலைப் பரப்பியது உண்ணிதான் என்று ஆய்வாளர்கள் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-இல் காட்டினார்கள். அதற்குள் ரயில் டெக்சாஸுக்கே போய்விட்டது.

குறுகிய பருவப் பயணங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. வயோமிங்கில் கிரீன் ரிவர் டிரிஃப்ட் என்ற பாதையில் 1890-களிலிருந்து பண்ணைகள் சேர்ந்து கோடையில் மாடுகளை மலைக்கு ஏற்றுகின்றன. இலையுதிர் காலத்தில் குளிர் தட்டியதும் மாடுகள் தாமாகவே கீழே இறங்க ஆரம்பிக்கும், ஆட்கள் பாதியில் நின்று யாருடைய மாடு எது என்று பிரித்துக்கொள்கிறார்கள். பிரான்சின் கமார்க் சதுப்பில் வெள்ளைக் குதிரைகளில் போய்க் கறுப்புக் காளைகளை ஓட்டும் கார்டியன்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பொதுப் பாதைகளில் வறட்சிக் காலத்தில் மந்தைகள் மாதக்கணக்கில் நடக்கின்றன. ஒரே இடத்தில் தங்கிப் புல்லைத் தீர்த்துவிடாமலிருக்க ஒரு நாளில் இவ்வளவு தூரமாவது நகர வேண்டும் என்று அங்கே விதியே உண்டு.

கதவில் எண்ணும்போது கணக்கு தப்பிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்வது?

கதவை முழுசாகத் திறக்காதீர்கள், இரண்டு மூன்று மாடுகள் போகும் அகலம் போதும். கதவுக்கு ஒருபுறமாகக் குதிரையை நிறுத்தி, தோளுக்குப் பக்கத்தில் நின்று ஓட்டத்தைக் கட்டுப்படுத்துங்கள், ஓரடி முன்னே வைத்தால் மாடுகள் தயங்கும், பின்னே எடுத்தால் வரும். இரண்டிரண்டாக எண்ணுங்கள், நூறானதும் ஒரு கூழாங்கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். எதிர்ப்பக்கம் இன்னொருவரும் எண்ணட்டும், முடியும்வரை இருவரும் பேசக்கூடாது. பசுவையும் கன்றையும் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒருவருக்குப் பசு, ஒருவருக்குக் கன்று என்று பிரித்தால் அந்தக் கணக்கை வேறொரு கதவில் மாற்றி எண்ணிச் சரிபாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் அன்றைக்கே ஒருவர் திரும்பிப் போக வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது பழைய மேய்ச்சலின் கதவு, அங்கே இல்லையென்றால் கடைசியாகத் தண்ணீர் காட்டிய இடம், அப்புறம்தான் வழியிலுள்ள புதர்கள்.